எம்.சி.ஆர். செருப்பு வந்த கதை

முண்டியம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2010-ல் தொடங்கியது. இதுபோன்ற மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் கால் மரத்துப்போன நோயாளிகளுக்கு, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து ஒரு அறிவுரையும் கிடைக்கும். "எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க." (எம்.ஜி.ஆர். இல்லை, எம்.சி.ஆர்.!) மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. ரொட்டியை வெட்டினால் தெரிவது போல உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்று அறைகள் கொண்ட ரப்பர். பார்க்க ஹவாய் செருப்பு மாதிரிதான் இருக்கும். விரலால் அமுக்கினால் அதைவிட மெத்தென்று உள்ளே போகும்.

இந்தச் செருப்பு ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி கண்டுபிடித்து விற்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது நோயாளியின் காலுக்கு வந்து சேர்ந்த கதையில் பெரும்பகுதி வேலூரில் நடந்தது. அதன் முதல் அத்தியாயமோ முண்டியம்பாக்கம் வழியாகப் போகும் இதே சாலையில், வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, செங்கல்பட்டில் ஆரம்பிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சாதாரண விஷயத்தைப் பார்க்க வேண்டும். கால் கொப்புளம்.

நெடுந்தூரம் நடந்தால் கொப்புளம் ஏன் வருகிறது? "வெயில்ல நடந்தான், சூட்டுல வந்துடுச்சு" என்பார்கள். கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் செருப்போ ஷூவோ போட்டு நடப்பவருக்கு வரும் கொப்புளம் சூட்டினால் வருவது அல்ல, இழுவையினால் வருவது. ஒவ்வொரு அடியிலும் மேல் தோல் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகிறது. உள்ளே எலும்பு இன்னொரு பக்கம் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்கு ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, கடைசியில் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் ஈரமான தோல் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஈரக் காலில் கொப்புளம் சீக்கிரம் வருகிறது. நனைந்த சாக்ஸை மாற்று, புதுச் செருப்போடு யாத்திரை கிளம்பாதே என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் எவ்வளவு நடந்தால் கால் தாங்கும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. காதம் என்ற பழைய அளவு சுமார் 10 மைல் என்று அகராதிகள் சொல்கின்றன. சத்திரம், சாவடி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் என்று பழைய சாலைகளில் இருந்தவை எல்லாம் தர்ம காரியங்கள் மட்டுமல்ல. நடப்பவரை நடுவில் உட்கார வைக்கும் ஏற்பாடுகள் அவை. ராணி மங்கம்மாள் பெயர் இன்றும் தென் மாவட்டச் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்துச் சொல்லப்படுவது சும்மா இல்லை.

இன்னொரு கணக்கு பாருங்கள். 1930-ல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்குப் போன தூரம் சுமார் 240 மைல். எடுத்துக்கொண்டது 24 நாட்கள், நடுவில் திங்கட்கிழமைகளில் ஓய்வு. அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். சுமார் 150 மைல். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு நாளைக்குப் பத்து மைல், அதாவது ஒரு காதம்! ஊர் ஊராகத் தங்கிக் கூட்டம் பேசிப் போக வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் நூறு பேரை உப்பு அள்ளும் இடம்வரை முழுக் காலோடு கொண்டு சேர்ப்பது என்றால் அவசரப்படக் கூடாது. இன்று ஒரே நாளில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிட வேண்டும் என்று கிளம்பும் பாதயாத்திரைக் குழுக்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

சரி, கொப்புளம் வந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? வலிக்கும். வலித்தால் நொண்டுவோம், பாரத்தை வேறு பக்கம் மாற்றி வைப்போம், கடைசியில் உட்கார்ந்துவிடுவோம். இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்.

வலிக்காவிட்டால்?

இந்தக் கேள்விக்கு உயிருள்ள பதிலாக லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். தொழுநோய் நரம்புகளைத் தாக்கி கை, கால்களை மரத்துப்போகச் செய்யும் நோய். பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள் இந்த நோய் மிக அதிகமாக இருந்த பகுதிகள். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். 1940களில் வந்த அந்த மருந்தால் கிருமி அடங்கியது. ஆனால் நோயாளிகளின் விரல்களும் பாதங்களும் தொடர்ந்து அழிந்துகொண்டே போயின. மருந்து வேலை செய்கிறது, கால் மட்டும் போகிறது. ஏன்?

அன்றைக்கு இருந்த பதில், "தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது ஆறாது" என்பது. டாக்டர்கள் பலரே அப்படித்தான் நம்பினார்கள். ஊர் என்ன நம்பியது என்று சொல்லவே வேண்டாம்.

1947-ல் காக்ரேனைப் பார்க்கத் திருமணிக்கு வந்தார் ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவர். பெயர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்திருந்தார். திருமணியில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தவருக்கு, இவ்வளவு பேருக்கு எலும்பு மருத்துவர்கள் ஒன்றுமே செய்யவில்லையே என்று உறுத்தியது. கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளால் அவர் பிறகு உலகப் புகழ் பெற்றார். ஆனால் கை சரியான நோயாளிகளும் காலில் குழிப்புண்ணோடுதான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

புண்ணுக்கு எத்தனையோ களிம்புகள் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் வேலை செய்தது மாவுக்கட்டு! எலும்பு முறிந்தால் போடுவதைப் போலப் பாதத்தைச் சுற்றி ஒட்டிக் கட்டும் மாவுக்கட்டு. 1930களில் இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவரும், பின்னர் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பாலும் இதைத் தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்டிருந்தார்கள். பிராண்ட் அதை எடுத்துக்கொண்டு பெரிய அளவில் செய்து பார்த்தார். வருஷக்கணக்கில் ஆறாத புண்கள் கட்டுக்குள் சில வாரங்களில் மூடிக்கொண்டன. கட்டுக்குள் எந்த அதிசய மருந்தும் இல்லை. பாதத்தின் ஒரே இடத்தில் விழுந்த பாரம் முழுப் பாதத்துக்கும் பரவியது, உரசல் நின்றது, அவ்வளவுதான். "கெட்ட சதை" என்ற பேச்சு அதோடு அடிபட்டுப்போயிற்று. எல்லோருக்கும் இருக்கும் அதே சதைதான், அதற்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் வலி மட்டும்தான் இல்லை.

வலி இல்லாத மனிதனின் நடையை யோசித்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பல மைல் நடந்து வருகிறார். மூன்றாவது மைலில் கொப்புளம் வருகிறது. நமக்கென்றால் நொண்டல். அவருக்கோ ஒன்றுமே தெரியாது. கொப்புளம் உடைகிறது, மண் போகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பு வரை போகிறது. மறுநாளும் அதே காலை அதே மாதிரி ஊன்றி நடக்கிறார். ஒரு கொப்புளம் ஒரு காலைத் தின்றுவிடுகிறது. தொழுநோய்க் கிருமிக்கு இதில் நேரடி வேலையே கிடையாது.

பிராண்டுக்கு இது படிப்பால் மட்டும் தெரிந்த விஷயமல்ல. 1950களின் தொடக்கத்தில், நீண்ட கப்பல், ரயில் பயணத்துக்குப் பிறகு லண்டனில் ஒரு இரவு சாக்ஸைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து நரம்பு அழுந்தியதால் வந்த மரப்புதான் அது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

மாவுக்கட்டால் புண் ஆறியது. கட்டைப் பிரித்து, நோயாளி வீட்டுக்கு நடந்து போனதும் மறுபடி புண். ஆகவே ஆற்றுவதைவிட வராமல் தடுப்பதுதான் முக்கியம் என்று ஆயிற்று. இங்கேதான் செருப்பு வருகிறது. மரக்கட்டை, தோல் என்று பலவற்றையும் சோதித்த பிறகு நிலைத்தது மைக்ரோ செல்லுலர் ரப்பர். காலுக்கு அடியில் அந்த மெத்தென்ற ரப்பர், அதற்கும் அடியில் முள் ஏறாமல் இருக்கப் பழைய கார் டயர். நம்மூர் செருப்புத் தைப்பவர்கள் எல்லோருக்கும் டயர் செருப்பு தெரியும் என்பதால் செய்வதும் எளிது. ஒரே ஒரு கண்டிப்பு, ஆணி அடிக்கக் கூடாது. ஆணி தேய்ந்து மேலே வந்தால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே! பின்னால் ஒரு வாரும் உண்டு. விரலால் செருப்பைக் கவ்விப் பிடிக்கும் பலம் மரத்துப்போன காலுக்கு இருப்பதில்லை. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையின் இன்னொரு மையமாக வளர்ந்தது.

செருப்போடு சேர்த்துச் சில பழக்கங்களும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. எட்டி எட்டி வைக்காமல் சின்ன அடியாக நட. நடுநடுவே உட்கார். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார், கையால் தடவிச் சூடான இடம் இருக்கிறதா என்று பார். தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவு. வெடிப்பு வராமல் இருக்க எண்ணெய், பாரம் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கக் காய்ப்பு நீக்கம். வெறும் தண்ணீரும் எண்ணெயும்தான், காசு செலவே இல்லை.

இதில் 'சூடான இடம்' என்பதைப் பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு இன்னும் ஆராய்ந்தார். மயக்கம் கொடுத்த எலிகளின் பாதத்தில், காயப்படுத்தாத அளவு சின்ன அழுத்தத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தார்கள். முதலில் சூடு, பிறகு வீக்கம், சில நாளில் புண். நடுவில் ஓய்வு நாட்கள் விட்ட எலிகளுக்கோ தோல் தடித்துத் தாங்கிக்கொண்டது. பிராண்ட் தானே சில மைல் ஓடி வெப்பப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஓட ஓடத் தன் கால் தன்னையறியாமல் பாரத்தை வேறு வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டே போனது தெரிந்தது. மரத்துப்போன கால் அப்படி மாற்றுவதில்லை, முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறது.

வலி தெரிந்த நடைப்பயணிக்கும் இதே பாடம்தான் உதவுகிறது. கொப்புளம் எழும்புவதற்கு முன் அந்த இடம் சூடாகிக் காந்தும். அப்போதே நின்று, காலைத் துடைத்து, டேப் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பல நாள் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 128 பேரிடம் மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண பேப்பர் டேப்பையே முன்கூட்டி ஒட்டிப் பார்த்ததில் கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தன.

செருப்பின் கதைக்கு ஒரு கசப்பான பகுதியும் உண்டு. மைக்ரோ செல்லுலர் ரப்பர், டயர் அடிப்பாகம், பின்வார் என்ற அந்த அமைப்பு ஊருக்கெல்லாம் அடையாளமாகிவிட்டது. காலைப் பார்த்ததுமே 'இவன் அந்த நோய்க்காரன்' என்று விலகினார்கள். முகத்தில் எந்தத் தழும்பும் இல்லாமல் குணமானவர்களைக்கூடச் செருப்பு காட்டிக்கொடுத்தது. விளைவு, பலர் அதைப் போட மறுத்தார்கள். போடாமல் நடந்து காலை இழந்தவர்களும் உண்டு. காலைக் காப்பாற்றச் செய்த பொருளை ஊரின் பார்வை தோற்கடித்தது. அதன் பிறகுதான் கடைச் செருப்பு மாதிரியே தெரியும் வடிவங்களைச் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அதே ரப்பர் சர்க்கரை நோயாளிகளுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. சர்க்கரையும் நரம்பை மரக்கச் செய்யும், புண் வரும் வழியும் அதேதான். 2004-ல் சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நுண்ணறை ரப்பர் போன்ற மெத்தென்ற அட்டை வைத்த செருப்பு போட்டவர்களுக்குப் புதுப் புண்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. தொழுநோய்க்கென்று வந்தது என்பது தெரியாமலே ஆயிரக்கணக்கானவர்கள் அதை வாங்கிப் போகிறார்கள். கடைகளில் கறுப்பு, பழுப்பு, பெண்களுக்குப் பூப்போட்ட வார் வைத்ததுகூடக் கிடைக்கிறது.

கோயில் வாசலில் மட்டும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை வெறுங்காலோடு சுற்றுவதுதான் வழக்கம். கோயில் பிரகாரங்களில் உச்சிவெயிலில் கருங்கல் தளம் கொதிக்கும்போது கால் மரத்தவர்கள் மற்றவர்களைப் போலத் துள்ளி ஓடுவதில்லை, நிதானமாக நடந்து போகிறார்கள். வீட்டுக்கு வந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் கொப்புளம் தெரியும். பல கோயில்களில் இப்போது நடைபாதையில் வெள்ளைப் பூச்சு அடித்து, தேங்காய் நார் விரிப்பும் போட்டிருக்கிறார்கள்.