எரிச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு

மனித வாழ்விலே பெருந்துயரங்கள் உண்டு, சிற்றெரிச்சல்களும் உண்டு. பெருந்துயரத்தை மௌனமாகத் தாங்கிக்கொள்ளும் பலர் சிற்றெரிச்சலைப் பொறுத்துக்கொள்வதில்லை. சந்தியிலே சைகை காட்டாது திரும்பும் காரைக் கண்டு ஒருவர் பல்லைக் கடிக்கிறார். முன்னே நிற்கும் பஸ்ஸுக்கு அசைய இடமில்லை என்பதை அறிந்தும் பின்னின்று ஓயாது ஹோர்ன் அடிப்பவரைக் கண்டு இன்னொருவர் கொதிக்கிறார். கலியாண அழைப்பிதழிலே ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாதிருக்கக் கண்ட தமிழாசிரியர், மணமக்களின் பெயரை வாசிக்கு முன்னரே அதைக் கீழே வைத்துவிடுகிறார்.

இவையெல்லாம் அவரவர் சுபாவம் என்றே நாம் கருதிவருகிறோம். ஆயின், ஒருவன் எதைக் கண்டு எரிச்சலடைகிறான் என்பது அவனது சுபாவத்தினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அவன் பிறந்த சமுதாயமும், அச்சமுதாயத்திலே யார் கை ஓங்கியிருக்கிறது என்பதும் அதனைத் தீர்மானிக்கின்றன. எனவே, ஒவ்வோர் எரிச்சலையும் பார்த்து இரண்டு கேள்விகளைக் கேட்பது பொருத்தமாகும். இது எப்பொழுது பிறந்தது? யார் மீது ஏவப்படுகிறது? எழுத்துப்பிழை, வீதிப்பிழை என்னும் இரண்டையும் எடுத்து இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

எழுத்துப்பிழை என்பது எழுத்தளவுக்குப் பழையதன்று. ஆங்கில நாட்டிலே ஷேக்ஸ்பியர் இட்ட கையொப்பங்களாக இன்று ஆறு கிடைத்துள்ளன. அவற்றிலே அம்மகாகவியின் பெயர் ஒரே விதமாக எழுதப்படவில்லை. இன்று உலகமெங்கும் வழங்கும் எழுத்துக்கூட்டல் அவற்றுள் ஒன்றிலேனும் இல்லை. தன் பெயரையே பலவாறு எழுதியவனை அக்காலத்தவர் எவரும் எழுத்தறிவற்றவன் என்று ஏளனம் செய்யவில்லை. பொதுவான அளவுகோல் ஒன்று இல்லாதவிடத்துப் பிழையென ஒன்று இருப்பது எங்ஙனம்?

வில்லியம் கக்ஸ்ரன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சியந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னரும் எழுத்துக்கள் ஒரு நிலைக்கு வர ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட சாமுவேல் ஜோன்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது, கற்றோர் கையிலே ஒரு துலாக்கோல் வந்து சேர்ந்தது. இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஒருசீரான எழுத்து வாசிப்பை இலகுவாக்கிற்று. மலிவான அச்சுநூல் சாதாரண மக்களின் கைக்கு எட்டவும் உதவிற்று. ஆயினும், துலாக்கோல் பொருளை நிறுப்பதற்கு மட்டுமே பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. விரைவிலே அது மனிதரையும் நிறுக்கத் தொடங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆட்களைப் பரீட்சித்துத் தெரிவதற்கென 1855இல் பிரித்தானியாவிலே ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்கு வழங்கும் மானியம், வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிலே மாணவர் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தது என்ற விதி 1862இல் வந்தது. சொல்வதெழுதுதலிலே ஒரு தொழிலாளியின் பிள்ளை எழுத்தைத் தவறவிட்டால் பாடசாலையின் வருமானம் குறையும் என்ற நிலை ஏற்பட்டது. இந்நிலையிலே ஆசிரியருக்கு எழுத்துப்பிழையின் மீது எரிச்சல் வராமல் வேறென்ன வரும்?

மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1876இல் எழுதிய கட்டுரையொன்றிலே ஒரு கணக்கை எடுத்துக்காட்டுகிறார். அரசாங்க சேவைப் பரீட்சைகளிலே தவறிய 1,972 பேருள் 1,866 பேர் எழுத்துக்கூட்டலிலே தவறியவர்கள் என்பதே அக்கணக்கு. கணிதமோ, பூகோளமோ, வரலாறோ அவர்களைத் தடுக்கவில்லை. உச்சரிப்போடு தொடர்பற்ற ஊமையெழுத்துக்கள் நிறைந்த ஒரு எழுத்துமுறையே அவர்களைக் கந்தோர் வாசலிலே நிறுத்திவைத்தது. வீட்டிலே நூல்களும், கற்பிக்கத் தாய்தந்தையரும், வீணாக்க வேண்டிய மட்டும் நேரமும் உள்ளவனுக்கு அவ்வாசல் இலகுவாகத் திறந்தது. பன்னிரண்டு வயதிலே ஆலைக்குச் சென்றவனுக்கு அது திறக்கவில்லை. பிழையின்றி எழுதுவது குலத்தின் அடையாளமாயிற்று. அதன் பின்னரே பிழையைக் கண்டு முகஞ்சுளிப்பதும் கௌரவத்தின் அடையாளமாயிற்று.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலே இதே எழுத்துக்கள் வேறொரு போராட்டத்தின் கருவியாயின. அமெரிக்கப் பாடசாலை ஆசிரியரான நோவா வெப்ஸ்ரர் தமது எழுத்துக்கூட்டல் நூலை 1783இல் வெளியிட்டார். அந்த ஆண்டிலேயே பிரித்தானியா அமெரிக்காவின் சுதந்திரத்தை ஒப்பந்தமூலம் ஏற்றுக்கொண்டது. 1789இல் எழுதிய கட்டுரையிலே வெப்ஸ்ரர் தமது நோக்கத்தை ஒளிக்கவில்லை. அமெரிக்கரின் எழுத்து ஆங்கிலேயரின் எழுத்தினின்றும் வேறுபட்டால், அமெரிக்கருக்கான நூல்களை அமெரிக்காவிலேயே அச்சிடவேண்டி வரும் என்று அவர் வாதித்தார். தேசாபிமானமும் அச்சுத்தொழிலின் நலனும் ஒரே வாதத்திலே கைகோத்து நின்றன.

சுமார் 70,000 சொற்களுடன் 1828இல் வெளியான அவரது பேரகராதி, 'கலர்', 'ஓனர்' முதலிய சொற்களின் ஈற்றயலிலே ஆங்கிலேயர் இடும் 'யூ' எழுத்தை நீக்கிற்று. 'சென்ரர்' என்னும் சொல்லின் கடையெழுத்துக்கள் இரண்டையும் இடம்மாற்றிற்று. நாக்கையும் பெண்களையும் குறிக்கும் சொற்களை ஒலித்தபடியே எழுதவேண்டும் என்ற அவரது யோசனையையோ அமெரிக்கரும் ஏற்கவில்லை. இன்று இலண்டனிலுள்ள ஒருவர் 'யூ' இல்லாத சொல்லைக் கண்டு அநாகரிகம் என்கிறார். நியூயோர்க்கிலுள்ளவர் 'யூ' உள்ள சொல்லைக் கண்டு பகட்டு என்கிறார். இரு நாடுகள் பிரிந்த கதையின் மிச்சமே தம் எரிச்சலாக எஞ்சியிருக்கிறது என்பதை இருவரும் உணர்வதில்லை.

எழுத்தைத் திருத்துவது அரசனாலும் இயலாத காரியம் என்பதற்கு 1906ஆம் ஆண்டு சாட்சி பகரும். உருக்கு முதலாளி அன்ட்றூ கார்னகியின் பணத்தினால் அவ்வாண்டு தொடங்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தச் சபை 300 சொற்களின் எளிய வடிவங்களை வெளியிட்டது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் அவற்றையே கையாளுமாறு ஓகஸ்ட் மாதத்திலே அரசாங்க அச்சகத்துக்குக் கட்டளையிட்டார். அச்சொற்களிலே பல ஏற்கெனவே அமெரிக்காவில் வழக்கிலிருந்தவையே. ஆயினும் பத்திரிகைகள் நகைத்தன. பிரதிநிதிகள் சபை டிசம்பரிலே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஜனாதிபதி பின்வாங்கினார். 1950இல் மறைந்த பேர்னாட் ஷா, ஆங்கிலத்துக்குப் புதிய நெடுங்கணக்கொன்றை ஆக்குவதற்கெனத் தமது மரணசாசனத்திலே பணம் ஒதுக்கினார். அவ்வெழுத்திலே அவருடைய நாடகமொன்று 1962இல் அச்சாகியது. அத்துடன் அம்முயற்சி ஏறக்குறைய முடிந்தது. கற்றவர்கள் தாம் பட்டுக் கற்றதை மற்றவர் படாமற் கற்பதை விரும்புவதில்லை போலும்!

இனி வீதிக்கு வருவோம். வாகனத்தை இடப்புறம் செலுத்துவதா வலப்புறம் செலுத்துவதா என்பதும் எழுத்துக்கூட்டல் போல ஓர் உடன்பாடே. இடப்புறம் செல்லவேண்டும் என்ற விதியை 1835ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலே நிலைநிறுத்திற்று. அவ்விதி அவர்களின் ஆட்சியோடு இலங்கைக்கும் வந்தது. ஆட்சி போயும் அது போகவில்லை. இதிலே எப்புறம் சிறந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லோரும் ஒரு புறமாகச் செல்லவேண்டும் என்பதே முக்கியம்.

சுவீடன் நாட்டு வரலாறு இதனை நன்கு விளக்கும். அங்கே இடப்புறம் செல்லும் வழக்கத்தை மாற்றலாமா என்று 1955இல் மக்களைக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் வரையில் கூடாதென்றனர். அயல்நாடுகளோ வலப்புற வழக்கத்தைக் கொண்டிருந்தன. சுவீடனின் கார்களிலே பெரும்பாலானவையும் வலப்புறம் செல்வதற்கேற்ப அமைந்தவையாகவே இருந்தன. 1963இல் பாராளுமன்றம் மாற்றத்தைத் தீர்மானித்தது. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் மறுபக்கத்துக்கு மாறிற்று. பழகாத வீதியிலே ஒவ்வொருவரும் விழிப்போடு சென்றமையால் சில காலம் விபத்துக்கள் குறைந்தன. பழகியதும் இரண்டொரு ஆண்டுகளில் பழைய அளவுக்கு ஏறின. உயிரைக் காத்தது புறமன்று, கவனமே என்பது இதனால் புலனாகிறது.

வீதியிலே எரிச்சல் யார் மீது ஏவப்பட்டது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க நகரங்களில் 'ஜே' என்றொரு வசைச்சொல் வழங்கிற்று. நகரத்து நடைமுறை அறியாத பட்டிக்காட்டான் என்பது அதன் பொருள். முதலிலே தவறான பக்கத்தில் வண்டியோட்டியவனையே 'ஜே சாரதி' என்று பழித்தனர். சில ஆண்டுகளிலே அவ்வசை சாரதியை விட்டு நடப்பவன் தலையிலே வந்து விழுந்தது. அதுவரையில் வீதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பிள்ளைகள் விளையாடினர், வியாபாரிகள் கூவி விற்றனர், மக்கள் வேண்டிய இடத்திலே கடந்தனர். மோட்டார் வந்து அவர்களைக் கொன்றபோது மக்களின் கோபம் மோட்டாரின் மீதே பாய்ந்தது.

சின்சினாற்றி நகரிலே ஒவ்வொரு காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதவாறு கருவி பொருத்தவேண்டும் என்று 42,000 பேர் கையொப்பமிட்டனர். 1923இல் நடந்த வாக்கெடுப்பிலே, மோட்டார் வியாபாரிகளின் பெரும் பிரசாரத்தின் முன் அக்கோரிக்கை தோற்றது. அதன்பின் அத்தொழிற்றுறை விழித்துக்கொண்டது. கட்டுப்படுத்த வேண்டியது காரையன்று, நடப்பவனையே என்ற கருத்து பத்திரிகை மூலமும் பாடசாலை மூலமும் பரப்பப்பட்டது. 1925இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பாதசாரிகளைக் குறித்த கடவைகளுக்குள் அடக்கும் சட்டத்தை இயற்றிற்று. ஏனைய நகரங்களும் தொடர்ந்தன. காரிலிருந்து குறுக்கே நடப்பவனைக் கண்டு சினக்கும் அந்த 'இயல்பான' எரிச்சல், இவ்வாறு பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே உற்பத்தி செய்யப்பட்டது.

பிரித்தானியாவிலும் நிலைமை இதனின்றும் அதிகம் வேறுபட்டதன்று. 1930ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண கார்களுக்கு இருந்த வேகவரம்பை நீக்கிற்று. அடுத்த ஆண்டு வீதியொழுங்கு நூல் வெளியிடப்பட்டு, பிறர் மீது கரிசனை காட்டுமாறு சாரதிகளிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 1934இல் வீதிகளிலே 7,343 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் நடந்து சென்றவர்கள். குடியிருப்புப் பகுதிகளிலே 30 மைல் வரம்பும், புதிய சாரதிகளுக்குக் கட்டாயப் பரீட்சையும் 1935இல் நடைமுறைக்கு வந்தன. உபதேசம் செய்யாததைச் சட்டம் செய்யவேண்டியிருந்தது.

நமது மொழிக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. தந்தை பெரியார் 1935இல் தமது 'குடி அரசு' இதழிலே தமிழெழுத்தைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கியபோது மரபு கெட்டதென்று பலர் எரிச்சலடைந்தனர். துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகார எழுத்துக்களை நீக்கிய அச்சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. இன்று அப்பழைய வடிவத்தை எழுதும் பிள்ளையையே ஆசிரியர் திருத்துவார். எரிச்சல் மாறவில்லை, அதன் திசை மாத்திரமே மாறிற்று.

மேலே 'வெப்ஸ்ரர்' என்று எழுதப்பட்டதைக் காணும் தமிழகத்து அன்பர் 'வெப்ஸ்டர்' அன்றோ என்று முகஞ்சுளிக்கக்கூடும். அவர் 'டிக்கெட்' என்று எழுதுவதை யாழ்ப்பாணத்தார் 'ரிக்கற்' என்று எழுதுவர். நுனிநா அண்ணத்தின் முற்பகுதியைத் தொட்டு எழும் ஆங்கில ஒலியை ஒருவர் டகரத்தாலும் மற்றவர் ரகர றகரங்களாலும் பிடிக்க முயல்கின்றனர். இரண்டும் அவ்வொலியை முற்றாகப் பிடிப்பதில்லை. இதிலே உயர்வென்ன, தாழ்வென்ன?

எல்லா எரிச்சலும் ஒரே தன்மையன அல்ல என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11,90,000 பேர் வீதிகளிலே மடிகின்றனர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் நடப்பவர்கள், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்பவர்கள். இலங்கையிலே 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 2,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடவையிலே கால்வைத்த கிழவிக்கு நிற்காமற் செல்லும் வாகனத்தைக் கண்டு எழும் சினம் நியாயமான சினம்; அது எளியவனைக் காக்க எழுவது. அதனைத் தனிமனிதனின் முணுமுணுப்பாக விட்டுவிடாது பொதுக் கோரிக்கையாக வளர்ப்பது நமது கடமை.

மறுபுறத்தே, தோட்டத்துத் தொழிலாளி கிளாக்கரிடம் நீட்டும் விண்ணப்பத்திலே லகர ளகரம் மாறியிருப்பதைக் கண்டு எழும் சினம் யாரைக் காக்கிறது? அவ்விண்ணப்பம் எதைக் கேட்கிறது என்பது தெளிவாகவே இருக்கிறது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்த சமுதாயத்தின் பிழையே அங்கு எழுத்தாக நிற்கிறது. எழுத்தை அவனுக்குக் கற்பிப்போம், நன்றாகவே கற்பிப்போம். ஆனால் விண்ணப்பத்தை முதலிலே வாசிப்போம். சிவப்பு மையைப் பின்னர் எடுக்கலாம்.