வேலையில் இருந்தபடியே தொழில்நுட்பப் பட்டம்: எது செல்லும், எது செல்லாது?

திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி பகுதிகளிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் சென்னைக்கும் தினமும் ரயிலேறும் நம் வாலிபர்களில் மூன்று வகையினர் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பாலிடெக்னிக் டிப்ளமோவுடன் வேலைக்குப் போனவர்கள், பொறியியல் படித்து அரியரோடு நின்றுவிட்டவர்கள், மதரஸாவில் ஸனது பெற்ற பின் கணினித் துறைக்கு வர நினைக்கும் ஆலிம்கள் ஆகிய மூவரும் கேட்பது, "ஹஜ்ரத், ஆன்லைனில் பி.இ. முடிக்கலாமாமே, உண்மையா?" என்பதுதான்.

உண்மை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2020இல் வெளியிட்ட தொலைநிலை மற்றும் ஆன்லைன் கல்வி விதிமுறைகள் பொறியியல், மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகளை இந்த முறையில் நடத்தத் தடை விதிக்கின்றன. அதற்கு முன்பே, 2017 நவம்பர் 3 அன்று, தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் உள்ளது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் செல்லும் என்றும், அதன் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது. வேலையும் பதவி உயர்வும் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்துப் பட்டம் பறிபோனவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே "ஒரே வருடத்தில் பி.டெக்., கிரெடிட் டிரான்ஸ்பர் மூலம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். கிரெடிட் மாற்றம் என்ற ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. 2021இல் யு.ஜி.சி. தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில், ஒரு மாணவர் முறைப்படி தேறிய பாடங்களின் மதிப்பு சேமிக்கப்படும். ஆனால் படிக்காத மூன்றாண்டை அது படித்ததாக ஆக்கித் தராது. போலிச் சான்றைக் காட்டி வாங்கும் சம்பளம் பற்றி மார்க்கத்தின் நிலை என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏமாற்றி வாங்கிய வேலை சட்டப்படி குற்றம், மார்க்கப்படி மோசடி. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

சரி, செல்லுபடியாகும் வழி எது?

அரியரோடு நின்றவர்கள் புதிய படிப்பைத் தேடுமுன் பழைய கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் அணுகுவது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் படித்து நிலுவைத் தாள்களோடு காலக்கெடு முடிந்துபோன மாணவர்களுக்கு 2021இல் அண்ணா பல்கலைக்கழகம் சிறப்புத் தேர்வு வாய்ப்பு அறிவித்தது. இத்தகைய வாய்ப்பு எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை, கட்டணமும் அதிகம். ஆனாலும் நான்கு தாள் மீதமிருப்பவர் அதை விட்டுவிட்டு முதலாம் ஆண்டிலிருந்து வேறொன்றைத் தொடங்குவது அறிவுடைமையாகத் தெரியவில்லை.

டிப்ளமோ படித்தவர்களுக்கு பி.இ. தான் வேண்டும் என்றால் நேரடி வகுப்பு தவிர வேறு வழியில்லை. ஆனால் அது பகல் வகுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணியில் இருக்கும் டிப்ளமோதாரர்கள் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மாலை வகுப்பில் படிக்க ஏ.ஐ.சி.டி.இ. 2023-24 முதல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்து வருகிறது. பணி அனுபவமும், கல்லூரிக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வேலையிடம் இருப்பதும் நிபந்தனை. வளைகுடாவுக்குப் போக எண்ணுபவர்கள் இதையே தேர்ந்தெடுப்பது நல்லது. குவைத்தில் 2018 முதல், இந்தியப் பொறியாளர்கள் பொறியாளர் என்ற பெயரில் பணி அனுமதி பெற, அவர்கள் படித்த படிப்புக்கு என்.பி.ஏ. தர அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கிறார்கள்.

கணினித் துறைதான் நோக்கம் என்றால் பி.இ. என்ற பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இங்குதான் ஆன்லைன் கல்வி உண்மையாகவே கை கொடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் 30 அன்று தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இன்று நான்காண்டு பி.எஸ். பட்டமாக வளர்ந்திருக்கிறது. ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. வயது வரம்பும் இல்லை. பிளஸ் டூ அல்லது பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தெரியாததைக் கேட்டு வடிகட்டாமல், சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுச் சேர்க்கும் இந்த முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். அதில் முதல் 32 அடித்தள நிலை. அதன் பின் டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாகப் போகலாம். இடையில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை தேறிய நிலைக்குரிய சான்றிதழ் கிடைக்கும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள் உண்டு. ஒரு பருவத்தில் எத்தனை பாடம் என்பதை மாணவரே முடிவு செய்து, எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். வட்டிக் கடன் பக்கம் போகாமல் சம்பளத்திலிருந்தே படிக்க விரும்பும் குடும்பங்களுக்கு இது பெரும் வசதி.

பாடம் ஆன்லைனில் நடந்தாலும் தேர்வு அப்படியல்ல. பருவத்துக்கு இடையிலான தேர்வுகளையும் இறுதித் தேர்வையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இதை மேலாளரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் தேவைப்படும். ரயிலில் காணொளி கேட்கலாம், புரோகிராம் எழுதிப் பழக முடியாது. அதற்கு வீட்டில் ஒரு மேசையும் மடிக்கணினியும், இரவில் தொந்தரவில்லாத ஒன்றரை மணி நேரமும் வேண்டும். நம் வீடுகளில் மகனுக்குக் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் மருமகளுக்கும் கிடைக்கிறதா என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். திருமணத்தால் படிப்பை நிறுத்திய சகோதரிகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

ஐ.ஐ.டி. பாடத்தில் கணிதமும் புள்ளியியலும் கடினம். அது முடியாது என்பவர்கள் பி.சி.ஏ. பார்க்கலாம். இக்னோவில் அதைக் குறைந்தது மூன்று ஆண்டுகளிலும் அதிகபட்சம் ஆறு ஆண்டுகளிலும் முடிக்கலாம். சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.சி.ஏ. உண்டு. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே "ஏதேனும் ஒரு பட்டம்" கேட்கும் தேர்வுகளுக்கு இவை போதும். பி.இ. என்று பெயர் சொல்லிக் கேட்கும் வேலைக்கு மட்டும் ஆகாது.

மதரஸா மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றால் அது தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்தது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். மாநில அரசு வேலையை எண்ணுவோர் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது சிக்கலற்ற வழி. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலம் பத்தாம் வகுப்பு எழுதுபவர்கள் பாடங்களைத் தாங்களே தேர்வு செய்வதால், எளிது என்று கணிதத்தையோ ஆங்கிலத்தையோ விட்டுவிடுகிறார்கள். பின்னர் ஐ.ஐ.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே தடையாகிறது.

எங்கு சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமின்றி அந்தப் படிப்பும் அந்தக் கல்வியாண்டும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். யு.ஜி.சி. அனுமதியின் கீழ் நடக்கும் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர 2024 செப்டம்பர் முதல் டெப் ஐடி என்ற எண் கட்டாயம். அதை மாணவரே இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம், ஏஜெண்ட் தேவையில்லை.

கட்டணச் சலுகையில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணம் குறைக்கிறது. ஆனால் நம் கையில் இருக்கும் பி.சி.எம். சாதிச் சான்றிதழ் தமிழக அரசின் 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கானது, மத்திய நிறுவனங்களில் அது பயன்படாது. அங்கு கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ். லப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்ற பிரிவினர் தங்கள் பெயர் அதில் உள்ளதா என்று பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அது கைக்கு வர நாளாகும் என்பதால், வருமானச் சான்றிதழோடு சேர்த்து, படிப்புக்கு விண்ணப்பம் திறக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.