தடுக்கப்பட்ட மேளமும் ட்ரினிடாட் தீவும்

ட்ரினிடாட் என்றால் புதூர்நாட்டு இளைஞர்களுக்கு லாரா, பொல்லார்டு, பிராவோ. சென்னை அணிக்கு விளையாடிய காலத்தில் பிராவோ விக்கெட் எடுத்ததும் மைதானத்திலேயே ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீவின் மேளத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பறையை ஏந்துவதா, இழிவென்று கீழே வைப்பதா என்று நமக்குள் விவாதம் ஓயாததால் அதை இங்கே எழுதுகிறோம்.

கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துப் பிழைத்த தீவு அது. 1834இல் பிரிட்டிஷ் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனாலும் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் 1838 வரை அதே ஆண்டையிடம் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் காலனிகளின் அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கினார்கள். அடிமையாய் இருந்தவருக்கு ஒரு காசும் இல்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டன் 2015இல்தான் அடைத்து முடித்தது!

அடுத்து நம் ஆட்களைப் பிடித்தார்கள். 1845 முதல் 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும், சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. தரகர் பேச்சை நம்பி ஊரைவிட்டுப் போவது என்றால் என்னவென்று ஜவ்வாது மலைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு.

இனி மேளத்துக்கு வருவோம். கரும்புக்காடு தீப்பிடித்தால் நள்ளிரவில் அடிமைகளைச் சாட்டையால் விரட்டி அணைக்கவைப்பார்கள். விடுதலைக்குப் பிறகு அதையே தெருவில் நடித்துக் காட்டினார்கள், கையில் தீப்பந்தம், தோளில் மேளம். கேன்பூலே என்று அதற்குப் பெயர். 1881இல் போலீஸ் அதைத் தடுக்கப் பாய்ந்தபோது தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மக்கள் திருப்பி அடித்தார்கள். 1884இல் மேளத்தை ஒடுக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சான் பெர்னாண்டோ நகருக்குள் தடையை மீறி மொகரம் ஊர்வலம் போன இந்தியக் கூலிகளைச் சுட்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து தாஸா மேளத்தோடு நடந்த ஊர்வலம் அது. பலர் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம்.

மேளம் போனதும் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்து இசைத்தார்கள். 1930களில் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா. பிறகு அந்தத் தீவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் அடித்தகட்டைக் குழிவாக அடித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுரம் வரும்படி செய்தார்கள். அதுதான் ஸ்டீல்பேன். வாசித்தவர்கள் சேரிப் பையன்கள், ஊருக்கு அவர்கள் ரௌடிகள். 1992இல் அரசே அதைத் தேசிய வாத்தியம் என்று அறிவித்தது. 2023இல் ஐ.நா. ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக்கியது.

இங்கே நடந்தது வேறு மாதிரி. சாவுக்கும் திருவிழாவுக்கும் நம்மைக் கட்டாயப்படுத்தி அடிக்கவைத்தார்கள். ஆனால் 1931இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த 11 தடைகளில் ஒன்று, உங்கள் கல்யாணத்தில் மேளம் கூடாது என்பது. அடிக்கச் சொல்வதும் அவர்கள், அடிக்காதே என்பதும் அவர்கள். அடிக்க மறுத்தவரும் சரி, மேடையேறி அடித்தவரும் சரி, 'எப்போது அடிப்பது என்பதை நாங்கள் முடிவு செய்வோம்' என்றுதான் சொன்னார்கள் என்பது எங்கள் எண்ணம். இரு தரப்பையும் எதிரெதிராக நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இன்னொரு செய்தி. சென்னைக் கப்பலில் போனவர்களோடு நம் தப்பும் கரீபியனுக்குப் போனது. கயானாவிலும் ட்ரினிடாடிலும் 'மதராசி' காளி கோயில்களில் இன்றும் அதைத் 'தப்பு' என்றே அழைத்து அடிக்கிறார்கள். தமிழ் மறந்துபோன வாயில் அந்தச் சொல் மட்டும் நிற்கிறது. பலியிடும் அந்த வழிபாட்டை அங்குள்ள மேல்தட்டு இந்துக்கள் நெடுங்காலம் முகம் சுளித்தே பார்த்தார்கள். ஸ்டீல்பேனுக்குத் தேசிய மரியாதை கிடைத்தபோது இந்து அமைப்பினர் ஹார்மோனியத்துக்கும் சமமரியாதை கேட்டு மல்லுக்கு நின்றார்கள். ஆம், ஹார்மோனியத்துக்கு.