இரு காவலிகளின் எல்லையில்

விஞ்ஞான வரலாற்றை நமது பாடநூல்கள் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே தருகின்றன. கண்டவர் பெயர், ஆண்டு, விதி ஆகிய மூன்றுடன் பாடம் முடிந்துவிடும். ஐயத்துக்கும் வாதத்துக்கும் அங்கே இடமில்லை. ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் எழுவதில்லை. இக்குறையை உணர்த்தும் கண்டுபிடிப்பொன்றின் கதையை இங்கு நோக்குவோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய அகிரா ஒட்டோமோ, ஹரோல்ட் ஹுவாங் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். ஸ்ரொன்சியம் தைத்தனேற்று, இலந்தனம் அலுமினேற்று என்னும் இரு ஒட்சைட்டுகளும் மின்னைக் கடத்தாத காவலிகள். முன்னதன் பளிங்கின்மீது பின்னதை அவர்கள் அணுப்படைகளாகப் படியவைத்தனர். இரண்டும் சந்திக்கும் எல்லையிலே மின் எளிதில் ஓடிற்று. எல்லையில் அமையும் படைகளின் ஒழுங்கை மாற்றியபோதோ, அது காவலியாகவே நின்றது. தனித்தனியே எப்பொருளிலும் இல்லாத பண்பு, அவை சேரும் முறையிலே பிறந்தது.

இதற்குக் காரணம் யாது? ஸ்ரொன்சியம் தைத்தனேற்றின் படைகள் ஏற்றத்தில் நடுநிலையானவை. இலந்தனம் அலுமினேற்றின் படைகளோ மாறிமாறி நேரேற்றமும் எதிரேற்றமும் கொண்டவை. அவற்றை அடுக்க அடுக்க மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பளிங்கு அதனை எல்லையின்றித் தாங்கமாட்டாது. ஆகவே, ஓர் அலகுக்கலத்துக்கு அரை இலத்திரன் என்ற அளவில் ஏற்றம் இடைமுகத்துக்கு நகர்ந்து அவ்வழுத்தத்தைத் தணிக்கிறது என்று விளக்கங் கூறப்பட்டது.

2006இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை இவ்விளக்கத்துக்கு வலுவூட்டிற்று. மேலுள்ள ஒட்சைட்டு மூன்று அலகுக்கலத் தடிப்பாக இருக்கும்வரை மின் ஓடவில்லை. நான்காவது சேர்ந்ததும் ஓடியது. அந்நான்கின் மொத்தத் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கூறாக்கினால் வரும் ஒரு கூறேயாகும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனினுந் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 2007இல் ஜெனீவா ஆய்வாளரும் ஓக்ஸ்பேர்க் ஆய்வாளரும் இணைந்து, ஏறத்தாழ 0.2 கெல்வின் வெப்பநிலையில் இவ்வெல்லை மின்தடை முற்றாக நீங்கிய மீகடத்தியாவதைக் கண்டனர்.

எனினும், ஒரு கொள்கை அழகாயிருப்பதனால் மட்டும் உண்மையாகிவிடாது. நன்கு ஒட்சியேற்றப்பட்ட மாதிரிகள் பலவற்றில் அளந்த இலத்திரன்களின் தொகை, கொள்கை கூறியதன் பத்திலொரு பங்கு அளவினதாகவே இருந்தது. மறுபுறம், ஒட்சிசன் குறைந்த சூழலிலே உருவாக்கிய மாதிரிகளில் பளிங்கிலிருந்து ஒட்சிசன் அணுக்கள் நீங்கி வெற்றிடங்கள் தோன்றுவதையும், அவற்றால் விடுபட்ட இலத்திரன்களே மின்னைக் கடத்துவதையும் 2007இல் வெவ்வேறு குழுவினர் எடுத்துக்காட்டினர். அங்கே கடத்தியது இடைமுகம் மட்டுமன்று, பளிங்கின் உடலுமாகும். 2013இல் சிங்கப்பூர் ஆய்வாளர் இரு காரணங்களையும் பிரித்தறிய முயன்றனர். ஒட்சிசனில் சூடாக்கியபோது, ஒழுங்கற்ற படையின்கீழ் இருந்த கடத்தல் மறைந்தது. ஒழுங்கான பளிங்குப் படையின்கீழ் அது எஞ்சியது. ஆக, இரண்டும் உண்மையே. எது எவ்வளவு என்பதை மாதிரி உருவான சூழலே தீர்மானிக்கிறது.

இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1947இல் திரான்சிஸ்டரைத் தந்த பெல் ஆய்வுகூடம், தொலைபேசித் தனியுரிமையின் வருவாயில், அதாவது கோடிக்கணக்கான பாவனையாளர் செலுத்திய கட்டணத்தில் வளர்ந்தது. 1984இல் அத்தனியுரிமை பிரிக்கப்பட்டது. பின்னர் ஆய்வுகூடம் கம்பனி விட்டுக் கம்பனி மாறிற்று. 2008இல் அதன் உரிமையாளர், அடிப்படைப் பௌதிகவியல் ஆய்விலிருந்து விலகுவதாக அறிவித்தனர். ஒட்டோமோவும் ஹுவாங்கும் கட்டுரை வெளியிட்டு நான்கு ஆண்டுகளே கடந்திருந்தன! உடனடி இலாபந் தராத வினாவுக்குச் சந்தையிலே மதிப்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அவ்வினா அழியாமற் காத்தவை தோக்கியோ, ஜெனீவா, ஓக்ஸ்பேர்க், சிங்கப்பூர் எனப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களேயாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். விஞ்ஞானம் முடிந்த முடிபுகளின் களஞ்சியமன்று. ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதித்துத் திருத்தும் கூட்டுழைப்பு. விடையை மட்டும் கற்பித்து வினாவை மறைக்கும் கல்வி அவ்வுழைப்புக்கு ஆள் சேர்க்காது. வினாவையும் அதன் சமூக அடித்தளத்தையும் சேர்த்துக் கற்பிப்பதே நம்முன் உள்ள பணி.