இராணுவக் கதிரியல் மருத்துவர்

இராணுவக் கதிரியல் மருத்துவர் என்பவர் படைத்துறை மருத்துவப் பிரிவில் பணியாற்றி, ஊடுகதிர்ப் படம், மீயொலி, கணினிக் குறுக்குவெட்டு வரைவு (பரவலாக சி.டி. ஸ்கேன்) ஆகியவற்றின் துணையுடன் நோயையும் காயத்தையும் கண்டறியும் சிறப்பு மருத்துவர் ஆவார். இந்தியாவில் இவர்கள் முப்படைகளுக்கும் பொதுவான இராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்தவர்கள். அப்படை 1943 ஏப்ரல் 3 அன்று உருவாக்கப்பட்டது.

வரலாறு

1895இல் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-98இல் நிகழ்ந்த திரா போரின்போது, பீவர் என்ற பிரித்தானிய இராணுவ மருத்துவர் வடமேற்கு எல்லைப்புற மலைகளுக்கு ஊடுகதிர்க் கருவியைக் கொண்டுசென்று, வீரர்களின் உடலில் தங்கிய குண்டுகளைக் கண்டறிந்தார்.

சி.டி. கருவியை உருவாக்கிய காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்லர். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வான்படையில் ராடார் பயிற்றுநராக இருந்த பொறியாளர். 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. முறையில் படமெடுக்கப்பட்டது. அங்குக் கதிரியல் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆம்புரோஸ். அதே ஆண்டில் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் படத்தை விரைவாக மீட்டமைக்கும் கணித முறையை வெளியிட்டனர். பிற்காலக் கருவிகள் பலவற்றுக்கு இம்முறையே அடிப்படையாயிற்று என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு அறியப்படவில்லை.

பயிற்சி

செங்கல்பட்டு மாணவர் ஒருவருக்கு இருவழிகள் உள்ளன. ஒன்று, நீட் தேர்வு எழுதிப் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் (நிறுவப்பட்டது 1948) சேர்வது. மற்றொன்று, 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்றதொரு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, குறுகியகாலப் பணி ஆணை பெற்றுக் கேப்டனாக இணைவது. கதிரியலில் எம்.டி. பட்டத்திற்கு மேலும் மூன்றாண்டுகள் தேவை.

பணி

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீர் 0, காற்று -1000, மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40, புதிதாய் உறைந்த குருதி 50 முதல் 80. தலைக்காயத்தில் குருதிக்கசிவு வெண்மையாகத் தெரிவது இதனால்தான். ஒரே நேரத்தில் பலர் காயமுற்று வரும்போது, எவரை முதலில் அறுவை அரங்கிற்கு அனுப்புவது என்பதில் கதிரியல் மருத்துவரின் கணிப்பு பெரும்பங்கு வகிக்கிறது. விரிவான அறிக்கை எழுதப் பொழுதிராது.

ஆப்கானிஸ்தானின் பாஸ்டியன் முகாம் மருத்துவமனையில் பிரித்தானியப் படையினர் வகுத்த முறையில், நிறமூட்டி மருந்து இரு கட்டங்களாகச் செலுத்தப்பட்டு, தமனி, சிரை இரண்டும் ஒரே ஓட்டத்தில் படமாக்கப்பட்டன. இம்முறை பின்னர் பிரித்தானியப் பொது மருத்துவமனைகளுக்கும் சென்றது. ஜி.எஸ்.டி. சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளில் காயமுற்றோரைக் கையாளும் மருத்துவமனைகளுக்கும் இத்தகைய பட்டறிவு பொருந்தும். ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவர்கள் குடிமைப் பணியில் பயன்படுவது இங்கேதான்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு

வயிற்றுப் பகுதி சி.டி. ஒன்றில் நோயாளி பெறும் கதிரளவு ஏறத்தாழ 8 மில்லிசீவெர்ட். மார்பு ஊடுகதிர்ப் படத்தில் 0.1 மட்டுமே. ஆகவே தேவையற்ற ஸ்கேனை மறுப்பதும் இவரது கடமை. பணியாளர் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டலாகாது. இவ்வரம்பை விதிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் மாமல்லபுரத்திற்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கல்பாக்கத்தில் அமைந்துள்ளது.