கிரீம் பஃப் வந்த வழி

தில்லியை அடுத்துள்ள நம் குடியிருப்பின் கடைத்தெருவில், சில வாரங்களாக ஒரு கடையின் முகப்பு தாளால் மூடப்பட்டிருக்கிறது. ஜப்பானிய கிரீம் பஃப் இங்கே விரைவில் கிடைக்கும் என்று அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மாலையில் உலாவச் செல்லும் பெரியவர்களும் பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவர்களும் அதன்முன் ஒரு கணம் நின்றுதான் செல்கின்றனர். என்றைக்குத் திறப்பார்கள், விலை என்ன இருக்கும், முட்டை சேர்ப்பார்களா என்று பேச்சு எழுகிறது. அலுவலின் பொருட்டு இப்பகுதியில் வாழும் ஜப்பானியக் குடும்பத்தார் அவ்வழியே செல்லும்போது, அந்த எழுத்தைப் படித்து முகம் மலர்வதையும் காண்கிறோம்.

அந்த முகமலர்ச்சியின் பொருளை நமக்கு யாரும் விளக்கவேண்டுவதில்லை. மாதுங்காவிலும் கரோல் பாகிலும் நம்மவர் வந்து குடியேறிய நாளில், நல்ல காப்பியும் இட்லியும் கிடைக்கும் கடை ஒன்று வரப்போகிறது என்ற செய்தி எத்துணை மகிழ்ச்சி அளித்திருக்கும்! பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு, நாவுக்குப் பழகிய ஒரு சுவை அருகில் வந்து சேர்வது, உறவினர் ஒருவர் வந்து சேர்வது போன்றதாகும். அக்கடைகளை முதலில் ஐயத்தோடு பார்த்த அக்கம்பக்கத்தார், இன்று நமக்கு முன்னே வந்து வரிசையில் நிற்கின்றனர்.

ஆகவே, வரவிருக்கும் இந்தப் பண்டம் எங்கே தோன்றி எவ்வழியே ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தின்பண்டத்துக்கு ஒரு வரலாறா என்று நகைத்துவிட வேண்டா. இவ்வரலாற்றின் நடுவே நம் நாட்டு விடுதலை வீரர் ஒருவர் வருகிறார். தமிழ்ச் சொல் ஒன்றும் வருகிறது.

முதலில் பண்டத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நீரையும் வெண்ணெயையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, அதில் கோதுமை மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறுகின்றனர். கொழுக்கட்டைக்கு நம் வீட்டுப் பெண்டிர் மாவு கிளறுவது போன்றதே இது. சற்று ஆறியதும் முட்டையை அடித்துச் சேர்த்து, சிறு சிறு உருண்டைகளாக்கிச் சூளையடுப்பில் வைக்கின்றனர். மாவுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற முயல்கிறது; அதற்குள் மேற்புறம் வெந்து இறுகத் தொடங்குகிறது. எனவே உருண்டை பூரியைப்போல் உப்பி, உள்ளே வெற்றிடம் கொண்டதாகிறது. அரைவேக்காட்டில் அடுப்பைத் திறந்தால் அவ்வளவும் அமுங்கிப்போகும். பொறுமை இல்லாதவர் கைக்கு இது வசப்படாது. வெந்த பிறகு, பாலும் முட்டையின் மஞ்சட்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டை அந்த வெற்றிடத்தில் நிரப்புகின்றனர்.

உப்பிய உருண்டை முட்டைக்கோசு போலக் காட்சியளிப்பதால், பிரெஞ்சுக்காரர் அதற்கு முட்டைக்கோசின் பெயராகிய ‘ஷூ’ என்பதையே இட்டனர். ஜப்பானியர் அந்தப் பிரெஞ்சுச் சொல்லோடு ஆங்கிலச் சொல் ஒன்றைச் சேர்த்து ‘ஷூ கிரீம்’ என்று வழங்கினர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் காதில் இது காலணிக்குப் பூசும் மெருகுப் பசையாக ஒலிக்கும். பெயரைக் கேட்டுத் திகைப்பவர், சுவைத்துப் பார்த்த பிறகு பெயரை மறந்துவிடுவர்.

மேனாட்டு இனிப்பு ஜப்பானுக்குள் நுழைந்தது இருமுறை. முதன்முறை அதைக் கொண்டுசென்றவர் போர்ச்சுகீசியர். 1543-இல் அவர்கள் தனெகாஷிமா தீவை அடைந்தனர். பின்னர் வந்த பாதிரிமாரும் வணிகரும் தம் இனிப்புகளையும் அறிமுகம் செய்தனர். 1569-இல் லூயிஸ் ஃபுரோயிஸ் என்ற பாதிரியார், ஆற்றல்மிக்க தலைவராகிய ஓடா நொபுநாகாவைக் கண்டபோது, கண்ணாடிக் குப்பியில் சர்க்கரை மிட்டாயைக் காணிக்கையாகக் கொடுத்தார். ‘கொன்பெய்தோ’ என்று ஜப்பானியர் அதனை அழைக்கின்றனர். நாகசாகித் துறைமுகத்தில் வேர்கொண்ட ‘கஸ்தெரா’ என்னும் பணியாரமும் அக்காலத்தில் வந்ததே. மாவும் முட்டையும் சர்க்கரையும் கொண்டு செய்யப்படுவது அது. பாலும் வெண்ணெயும் அதில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பான் தன் கதவுகளை அடைத்துக்கொண்டு போர்ச்சுகீசியரை வெளியேற்றியது. வந்தவர் போயினர், அவர்கள் தந்த இனிப்புகள் போகவில்லை.

பாலும் வெண்ணெயும் வேண்டும் இனிப்புகள் வேரூன்ற மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. ஜப்பானியரின் மரபான இனிப்புகள் அரிசி மாவு, கடற்பாசி, அஸுக்கி என்னும் சிவந்த பயறு ஆகியவற்றால் ஆனவை. பசுவின் பால் பொதுமக்கள் அறியாத ஒன்றாக இருந்தது. பௌத்த நெறியைத் தழுவிய அந்நாட்டில், கி.பி. 675-இலேயே பேரரசர் தெம்மு சில விலங்குகளின் ஊனை உண்ணலாகாது என்று ஆணையிட்டிருந்தார். 1859-இல் யோகோஹாமாத் துறைமுகம் அயல்நாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. அங்குக் குடியேறிய ஐரோப்பியருக்காக ரொட்டிக்கடைகளும் இனிப்புக்கடைகளும் தோன்றின. அவ்வழியாகவே ஷூ கிரீமும் வந்தது. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டதாகச் செய்தி வெளியாயிற்று. நாட்டின் பழக்கத்தை மாற்றவேண்டும் என்பது அரசின் கருத்து. ஆனால் அரசாணை நாவை உடனே மாற்றுவதில்லை. மேனாட்டுச் சாயல் மிகுந்த எதனையும் ‘வெண்ணெய் நாற்றம் அடிப்பது’ என்று பழிக்கும் வழக்கு ஜப்பானிய மொழியில் எழுந்தது. இன்றும் அத்தொடர் வழக்கில் இருக்கிறது.

ஆணையால் ஆகாததைச் சில கடைக்காரர் தம் கைத்திறத்தால் செய்து முடித்தனர். கிமுரா யசுபெய் என்பவர் டோக்கியோவில் ரொட்டிக்கடை நடத்தினார். 1874-இல் அவர் ரொட்டி மாவைத் தம் நாட்டு மதுவுக்குரிய நொதியால் பொங்கச் செய்து, உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணத்தை வைத்துச் சுட்டார். வெளியே மேனாட்டு ரொட்டி. உள்ளே தாய்நாட்டுப் பூரணம். ‘அன்பான்’ என்ற அந்தப் பண்டம் மறு ஆண்டே பேரரசருக்குப் படைக்கப்பட்டது. பின்னர், அமெரிக்காவில் தொழில் கற்றுத் திரும்பிய மொரினாகா தாய்ச்சிரோ 1899-இல் டோக்கியோவில் மேனாட்டு இனிப்புக்கடை தொடங்கினார். 1910-இல் யோகோஹாமாவில் ஃபுஜியா என்ற கடை தோன்றியது.

இக்காலத்தில்தான் நம் கதைக்கு உயிரான நிகழ்ச்சி நடைபெற்றது. சோமா அய்ஸோ, அவர் மனைவி கொக்கோ என்ற இணையர் 1901-இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் எதிரே இருந்த நக்காமுராயா என்னும் ரொட்டிக்கடையை விலைக்கு வாங்கினர். ஒருநாள் அவர்கள் முதன்முதலாக ஷூ கிரீமை உண்டனர். அதன் சுவையில் வியந்தனர். இந்தக் கிரீமைப் பயற்றுப் பூரணத்துக்கு மாற்றாக ரொட்டிக்குள் வைத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1904-இல் கிரீம் ரொட்டி அவர்கள் கடையில் விற்பனைக்கு வந்தது. இன்று ஜப்பானில் அது கிடைக்காத ரொட்டிக்கடை அரிது.

சில ஆண்டுகளில் அக்கடை ஷின்ஜுக்குப் பகுதிக்கு மாறியது. கொக்கோ அம்மையார் இலக்கிய ஈடுபாடு உடையவர், எழுதவும் வல்லவர். ஓவியரும் சிற்பியரும் எழுத்தாளரும் அவ்வீட்டில் வந்து கூடினர். கண்பார்வை இழந்த ருசியக் கவிஞர் எரோஷென்கோவும் அங்கே தங்கியிருந்தார். புதிய சுவைக்குத் திறந்த அந்த வாசல், புதிய மனிதருக்கும் திறந்தே இருந்தது.

அவ்வாசலில் 1915-ஆம் ஆண்டு இறுதியில் வந்து நின்றவர் ராஷ் பிஹாரி போஸ். வங்கத்தில் பிறந்தவர், 1912-இல் தில்லியில் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சுப் பிரபுவின்மீது குண்டு வீசப்பட்ட நிகழ்ச்சியில் தேடப்பட்டவர், 1915-இல் படைவீரரிடையே எழுச்சி மூட்ட முயன்று, அது முறிந்ததும் மாற்றுப் பெயரில் கப்பலேறி ஜப்பானை அடைந்தவர். அன்று பிரிட்டனும் ஜப்பானும் நட்பு நாடுகள். பிரிட்டன் வற்புறுத்தவே, ஜப்பானிய அரசு அவரை நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டது. வெளியேறினால் பிரிட்டிஷார் கையில் சிக்குவது உறுதி, சிக்கினால் தூக்குமரம். செல்வாக்கு மிக்க தேசியத் தலைவரான தோயாமா மித்சுரு என்பவரின் வீட்டிலிருந்து அவரை இரவோடு இரவாக நக்காமுராயாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். கடையின் பின்புறம் ஓர் ஓவியக்கூடம் இருந்தது. அதில் அவர் மாதக்கணக்கில் மறைந்து வாழ்ந்தார். முன்புறம் வாடிக்கையாளர் ரொட்டி வாங்கிச் சென்றனர்; பின்புறம் ஓர் உயிர் காக்கப்பட்டது. கடையின் ஊழியரும் அம்மறையைக் காத்து நின்றனர்.

1916-இல் வெளியேற்ற ஆணை கைவிடப்பட்டது. ஆயினும் பிரிட்டிஷ் ஒற்றரின் கண் அவரைத் தொடர்ந்ததால், அவர் வீடு மாற்றிக்கொண்டே வாழவேண்டியதாயிற்று. அந்த இடர் மிகுந்த வாழ்வில் பங்குகொள்ள சோமா இணையரின் மகள் தோஷிகோ முன்வந்தார். 1918-இல் திருமணம் நடந்தது. இரு மக்கள் பிறந்தனர். ஆனால் 1925-இல் தோஷிகோ இளம் வயதிலேயே இறந்துபோனார்.

மனைவியை இழந்த மருமகனுக்கும், மகளை இழந்த பெற்றோருக்கும் இடையே உறவு அறுந்துவிடவில்லை. 1927-இல் நக்காமுராயா சிற்றுண்டிக் கூடம் ஒன்றைத் தொடங்கியபோது, போஸ் தம் நாட்டுக் கறிச்சோற்றை அங்கே பரிமாறச் செய்தார். ஜப்பானில் அதற்கு முன்பே கறி உண்டு. ஆனால் அது பிரிட்டன் வழியாகச் சென்றது. மாவு கரைத்துக் கெட்டியாக்கப்பட்டது. அதுவே இந்திய உணவு என்று ஜப்பானியர் நம்பியிருந்தது அவர் மனத்தை உறுத்தியது. நல்ல அரிசி, எலும்போடு கூடிய கோழி, உரிய மசாலை ஆகியவற்றைக் கொண்டு செய்த உணவு அங்கே வைக்கப்பட்டது. விலை மிகுதி, எனினும் மக்கள் விரும்பி வந்தனர். எரோஷென்கோவின் நாட்டுச் சூப்பும் அதே ஆண்டில் அங்கே இடம்பெற்றது. நக்காமுராயாவில் இந்தியக் கறிச்சோறு இன்றும் கிடைக்கிறது.

இங்கே நாம் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானியர் ‘கரே’ என்றும் ஆங்கிலேயர் ‘கரி’ என்றும் வழங்கும் சொல், நம் ‘கறி’ என்னும் சொல்லிலிருந்து சென்றது என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிவு. போஸ் டோக்கியோவை அடையும் முன்னரே, பெயர் திரிந்து, உருத் திரிந்து, நம் சொல் அங்கே போய்க் குடியிருந்தது. உண்மையான சுவை பின்னர்த்தான் போய்ச் சேர்ந்தது.

ராஷ் பிஹாரி போஸின் பணி கறிச்சோற்றோடு முடியவில்லை. 1942-இல் அவர் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் அத்தலைமையை நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்திரளாக அந்த இயக்கத்திலும் இந்திய தேசியப் படையிலும் சேர்ந்தனர். அவர்களும் நம்மைப்போல் ஊரை விட்டுச் சென்றவர்களே. நாடு விடுதலை பெறுவதைக் காணாமலே, 1945 ஜனவரியில் போஸ் டோக்கியோவில் காலமானார்.

போருக்குப் பின் ஜப்பானில் சர்க்கரைக்கும் பங்கீடு இருந்தது. 1952-இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. கடைகளில் குளிர்ப்பேழைகள் பரவியதும், விரைவில் கெட்டுவிடும் தன்மையுடைய ஷூ கிரீம் ஊர்தோறும் கிடைப்பதாயிற்று. பெருநகரத்துச் செல்வரின் பண்டம், தந்தை மாலையில் வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிவரும் பண்டமாக மாறியது. 1999-இல் ஒசாகாவில் தோன்றிய ‘பியர்ட் பாப்பா’ என்ற கடை, அதை வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்றது. தாடிக் கிழவர் ஒருவரின் முகமே அதன் அடையாளம். மேல் ஓடு மொறுமொறுப்புக் குன்றாதிருக்க, வாங்குபவர் கேட்ட பிறகே கஸ்டர்டை நிரப்பித் தருவது அதன் முறை. 2004-இல் நியூயார்க்கிலும் அதற்குக் கிளை ஏற்பட்டது. பிரான்சின் பண்டம் ஜப்பானின் பண்டமாக உலகை வலம்வரலாயிற்று.

நம் கடைத்தெருவின் மூடிய முகப்பை இப்போது மீண்டும் பார்ப்போம். முட்டை உண்ணாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் இதனை உண்ணவேண்டும் என்று யாரும் வற்புறுத்தப் போவதில்லை. வெண்ணெயின் மணத்தைக் கண்டு விலகிய ஜப்பானியரும் ஒரு காலத்தில் இருந்தனர். அவர்களையும் நாம் குறைகூற மாட்டோம். உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம். ஆனால் அயலவர் ஒருவர் தம் நாட்டுச் சுவையோடு நம் தெருவுக்கு வரும்போது, முகம் சுளிப்பதும் முகம் மலர்வதும் நம் பண்பைப் பொறுத்தவை. டோக்கியோவில் ஒரு ரொட்டிக்கடையின் இணையர் அயல்நாட்டு இனிப்பைச் சுவைத்து மகிழ்ந்தனர். அயல்நாட்டு மனிதனை மறைத்துக் காத்தனர். அவன் தந்த உணவையும் ஏற்றனர். அந்த வாசல் அடைபட்டிருந்தால் நம் வரலாற்றின் ஓர் ஏடு வேறாக இருந்திருக்கும்.

கடை திறக்கும் நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்ததும் நாமும் செல்வோம். நமக்கு முன்னே ஜப்பானியத் தாய் ஒருத்தி தன் குழந்தையோடு நின்றால், அவளுக்கு வழிவிட்டுச் சற்றுப் பின்னே நிற்போம். நம் இட்லிக் கடையின் வழியையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.