எதிரியின் குப்பையில் கிடைத்த பெயர்

1920-களின் நடுப்பகுதி. ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியின் ஆய்வுக்கூடத்தில், ஷின்டாரோ உடா என்ற இளைஞர் உலோகக் குச்சிகளை வரிசையாக நட்டு வானொலி அலைகளை அளந்துகொண்டிருந்தார். ஒரே ஒரு குச்சிக்குத்தான் மின் இணைப்பு. மற்றவை எந்தக் கம்பியும் தொடாமல் சும்மா நின்றவை. ஆனால் பின்னால் சற்று நீளமான குச்சி ஒன்றும், முன்னால் சற்றுக் குட்டையான சிலவும் நின்றபோது, எல்லாப் பக்கமும் சிதற வேண்டிய அலை ஒரே திசையில் குவிந்து பாய்ந்தது. சும்மா நின்ற குச்சிகள்தான் அலைக்கு வழிகாட்டின!

உடா தன் முடிவுகளை ஜப்பானிய மொழியில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1928-ல் யாகி அவற்றை ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்க இதழ் ஒன்றில் வெளியிட்டார். கட்டுரையில் உடாவின் பங்கைச் சொல்லியும் இருந்தார். ஆனாலும் மேலை நாடுகளில் அந்தக் கருவிக்கு யாகியின் பெயரே ஒட்டிக்கொண்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டன. பிறந்த நாடான ஜப்பானோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்துக்கு 14 ஆண்டுகள் கழித்து ஒரு போர்க்களத்தில் பதில் கிடைத்தது.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பிரிட்டிஷ் படை விட்டுப்போன ரேடார் கருவிகளுக்கு அருகே, குப்பையில், ஒரு நோட்டுப்புத்தகம் கிடைத்தது. நியூமன் என்ற ரேடார் தொழில்நுட்பாளர் கைப்பட எழுதிய குறிப்புகள். அதில் அடிக்கடி வந்த ஒரு சொல் ஜப்பானிய நிபுணர்களுக்குப் பிடிபடவே இல்லை: ‘யாகி’. ஏதோ ரகசியக் குறியீடு என்று எண்ணி, சிறைபிடிக்கப்பட்டிருந்த நியூமனையே கேட்டார்கள். அவர் வியந்துபோனார். அது இந்தக் கருவியைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்றார்.

சொந்த நாட்டுப் பேராசிரியரின் பெயரை எதிரி நாட்டுக் கைதி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடுமை 1945 ஆகஸ்டில் நடந்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகள் தரைக்கு மேல் எந்த உயரத்தில் வெடிக்க வேண்டும் என்பதை அளந்த ரேடாரில் இருந்தவையும் அதே அமைப்புக் குச்சிகள்தான். செண்டாயில் பிறந்த கண்டுபிடிப்பு இத்தனை அழிவுக்குத் துணைபோன பிறகு, அதற்கு நல்ல காலம் பிறக்குமா என்பதே கேள்வியாக இருந்தது.

பிறந்தது. போருக்குப் பின் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்த நாடுகளில் அந்தக் குச்சிகள் கூரை ஏறின. 1955-ல் உடாவே இந்தியாவுக்கு வந்தார். யுனெஸ்கோ நிபுணராக டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1958 வரை பணியாற்றினார். அவர் கிளம்பிய மறு ஆண்டே, 1959 செப்டம்பர் 15-ல், டெல்லியில் தொலைக்காட்சிச் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. ஆனால் டெல்லியில் தெரிந்த படம் தர்மபுரி மாவட்டத்துக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

அந்த மாவட்டத்தின் பாலக்கோடு வட்டத்து மாரண்டஹள்ளியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 250 கி.மீ.க்கும் அப்பால். 1975-லேயே சென்னை நிலையம் தொடங்கியும் பயனில்லை, தொலைக்காட்சி அலை பூமியின் வளைவைச் சுற்றி அவ்வளவு தூரம் வராது. 1981 நவம்பரில் தொடங்கிய பெங்களூர் நிலையம் சுமார் 80 கி.மீ. தூரம்தான். நடுவில் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகள். இனி வானத்திலிருந்துதான் வழி பிறக்க வேண்டும்.

1982 ஏப்ரலில் இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக்குள் நாடு முழுக்க வண்ணப்படம் என்று கனவு. செப்டம்பரிலேயே செயற்கைக்கோள் செத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் சேலஞ்சர் விண்கலம் இன்சாட்-1பி-யைக் கொண்டுபோனது. அதன் சூரியத் தகடு விரிய மறுத்தது! ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தார் நாள்கணக்கில் போராடி, செப்டம்பர் நடுவில் அதை விரிய வைத்தார்கள். அந்த ஒரு தகடு மட்டும் மடங்கியே கிடந்திருந்தால்?

விரிந்ததால் 1984-ல் கிட்டத்தட்ட நாளுக்கொன்று என்ற வேகத்தில் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்தன. அவற்றின் எல்லை சில பத்துக் கிலோமீட்டர். எல்லையோரத்து ஊர்களில் படம் பிடிக்க உயரமான கம்பமும், கூடுதல் குச்சிகளும், ஒரு பூஸ்டரும் வேண்டும். மீன்முள் போன்ற அந்த அலுமினியக் குச்சிகள், உடா நட்டு வைத்த அதே வரிசை, மொட்டைமாடிகளில் ஏறின. ஊரே ‘ஆன்டெனா’ என்று அழைத்தது அதைத்தான். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து ‘வந்துடுச்சு, வந்துடுச்சு, போயிடுச்சு!’ என்று குரல் எழும்பியது அந்தப் பத்தாண்டின் அன்றாடக் காட்சி.

எண்பதுகள் வீட்டுக்குள் வந்தது அந்த வழியில்தான். 1984 நவம்பர் 3-ல் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலம். 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலைகளில் ராமாயணம். இந்தி புரியாத வீடுகளிலும் கூட்டம். அதே ஆண்டு டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைவு, தமிழ்நாடே திரை முன் அழுதது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தெரிந்த வீட்டில் வாசல் வரை செருப்புகள். 1991-ல் வளைகுடாப் போர் டிஷ் வழியே வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. பிறந்தது, கேபிள் ஒயர் தெருவுக்குள் நுழைந்தது. குச்சிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

யாகி, உடா இருவரும் 1976-ல், சில மாத இடைவெளியில் காலமானார்கள். யாகியின் பெயர் எளிதில் பரவியதற்குக் காரணம் அவர் பெயரில் இருந்த காப்புரிமையும் அந்த ஆங்கிலக் கட்டுரையும். குச்சிகளை நட்டு, அளந்து, நிரூபித்த உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது. அந்தக் கருவியை ‘யாகி-உடா ஆன்டெனா’ என்று சொல்வதே நியாயம்.